அந்த வீடியோவில இல்லாத பாட்டு

ராசா,

நீ என்ர நம்பரை புளொக் பண்ணி வைச்சிருக்கிறாய். எத்தினை தரம் எடுத்தாலும் ஒரு பொம்பிளை இங்கிலீசில ஏதோ சொல்லிப்போட்டு வைக்கிறாள். அதாலதான் இதை எல்லாரும் பாக்கிற மாதிரி எழுதுறன். அந்த வீடியோ எந்தெந்த வட்ஸ்அப் குழுவில சுத்தினதோ, அந்தந்தக் குழு எல்லாத்துக்கும் இதையும் அனுப்பப் போறன். ஆராவது ஒருத்தர் உனக்கு அனுப்பாமல் விடமாட்டார், எங்கட சனத்தில எனக்கு அவ்வளவு நம்பிக்கை இருக்கு. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூடேலாது எண்டு சொல்லுவினம். மூடவேண்டாம். அதே வாயால இதையும் கொண்டுபோய் உன்ர காதில போடட்டும்.

விசயம் தெரியாமல் வாசிக்கிறவைக்கும் சேர்த்துச் சொல்லுறன். போன மாசி மாசம் என்ர மனிசி பத்மா, உன்ர அம்மா, காலமைத் தேத்தண்ணி போட்டுக்கொண்டு நிக்கேக்க தலைக்குள்ள நரம்பு வெடிச்சு விழுந்தவ. பிறகு எழும்பேல்லை. நீ கல்கரியில இருந்து ஓடி வந்தாய். ஒரே பிள்ளை, கொள்ளி வைக்கவேண்டிய இடத்தில பட்டனை அமத்தினாய். எட்டாம் நாள் எட்டுச் செலவுச் சடங்கு முடிய வேலைக்குத் திரும்பினாய், முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு வாறன் எண்டு சொல்லிப்போட்டு. அதுவரைக்கும் வீட்டில துடக்கு. நான் சவரம் எடுக்காமல் தாடியோட இருந்தன். கோயிலுக்குப் போகக்கூடாது, நல்ல காரியம் ஒண்டுக்கும் போகக்கூடாது, பாட்டு ஆட்டம் எண்டால் கிட்டவும் நிக்கக்கூடாது. அந்த நாளில நான் மொன்றியல் நகரத்துக்குள்ள ஒரு தியேட்டரில, ஒரு அரபுப் பாட்டுக்காரரின்ர கச்சேரியில, ஒரு அரபு மனிசியின்ர கையைப் பிடிச்சுக்கொண்டு தாடியோட ஆடினனான். வாசலில செக்கியூரிட்டி வேலைக்கு நிண்ட எங்கட பொடியன் ஒருத்தன் அதைப் போனில எடுத்தான். அவனில பிழை இல்லை, பத்மா செத்தது அவனுக்குத் தெரியாது, கடைத்தெருவில காணுற ஐயா ஆடுறார் எண்டு பகிடிக்கு எடுத்தவன். பிறகு ஆரோ ஒரு விசரன் அதுக்குச் சினிமாக் குத்துப்பாட்டு ஒண்டை ஒட்டிவிட்டான். அது டொலார்ட்-டெஸ்-ஓர்மோவில இருக்கிற உன்ர மாமிக்கு வந்தது. என்ர கூடப்பிறந்த அக்கா, நெஞ்சில அடிச்சுக்கொண்டு அதை உனக்கு அனுப்பினவ.

வீடியோவில நிக்கிறது நான்தான். நீ கண்ட கையும் உண்மை, காலும் உண்மை. நீ போன் எடுத்து, "அம்மான்ர சாம்பல் கூட இன்னும் கரைக்கேல்லை, சீ, நீங்களும் ஒரு மனிசனே?" எண்டு கேட்டாய். நான் வாய் திறக்க முந்தி வைச்சிட்டாய். கண்ணால கண்டதும் பொய், காதால கேட்டதும் பொய், தீர விசாரிக்கிறதுதான் மெய் எண்டு உனக்குச் சின்னனில பாடமாக்கினது நான்தான், அது உனக்கு உதவேல்லை. சரி, விசாரிக்காட்டிலும் பரவாயில்லை, நானே சொல்லுறன்.

அந்த மனிசிக்குப் பேர் சமீரா. உன்னைப் பெத்த கொம்மா ஷபனெல் தெருவில தையல் பக்ரறியில வேலை செய்த காலம் உனக்கு ஞாபகம் இருக்கும், விடியமுந்தி எழும்பி உனக்குச் சாப்பாடு கட்டி வைச்சிட்டு ஓடுவா. அங்க அவவுக்குப் பக்கத்து மெசின் சமீரா. சிரியாவின்ர தெற்குப் பக்கத்தில ஏதோ ஒரு கிராமம். கொம்மாவுக்கு அரபு தெரியாது, அவவுக்குத் தமிழ் தெரியாது, ரெண்டு பேரின்ர பிரெஞ்சையும் ஒரே உரலில போட்டு இடிச்சாலும் ஒரு முழு வசனம் தேறாது. ஆனாலும் சுப்பவைசர் வந்து கத்துமட்டும் கதைச்சுக்கொண்டே இருப்பினமாம். கதைக்கேலாத நேரம் சமீரா வாய்க்குள்ள பாடுவாவாம். அவவின்ர ஊர்ப்பக்கத்துப் பாட்டுக்காரர் ஒருத்தர், ரபாபா எண்டு ஒத்தைத் தந்தி வாத்தியம் ஒண்டை மடியில வைச்சுக்கொண்டு கலியாண வீடு, அறுவடைக் களம் எண்டு பாடித் திரிஞ்சு பேர் எடுத்தவர். எல்லாம் அவரின்ர பாட்டுத்தான். கேட்டுக் கேட்டுக் கொம்மாவுக்கும் பாடம். அர்த்தம் தெரியாது, ராகம் தெரியும். வீட்டை வந்து மீன் வெட்டேக்கையும் அதுதான், உடுப்பு மடிக்கேக்கையும் அதுதான். நீ பள்ளிக்கூடப் பெடியளைக் கூட்டிக்கொண்டு வந்த நேரம், "அம்மா, அதை நிப்பாட்டுங்கோ" எண்டு பல்லைக் கடிச்சுச் சொன்னாய். அவ சிரிச்சுப்போட்டுச் சத்தத்தைக் குறைச்சா, நிப்பாட்டேல்லை. உன்னைக் குத்திக்காட்ட இதை எழுதேல்லை. அது என்ன பாட்டு எண்டு நானும் ஒருநாளும் கேட்டதில்லை.

பக்ரறி பூட்டின பிறகும் அவையின்ர பழக்கம் விடேல்லை. புதன்கிழமை புதன்கிழமை கொம்மா பஸ் ஏறி நோத்ர-டாம்-த-கிரேஸில இருக்கிற சமீரா வீட்டை போவா. "எங்க வெளிக்கிட்டாச்சு?" எண்டு கேப்பன். "சமீரா வீட்டை." "சரி, வரேக்க பால் வாங்கிக்கொண்டு வா." இவ்வளவுதான் எங்கட கதை. கிரேக்கன்ர ரெஸ்டோறண்டில இடுப்பொடியச் சமைச்சு ஓய்வெடுத்த மனிசன், ரீவிக்கு முன்னால இருந்து செய்தி பாக்கிறதை விட்டால் எனக்கு வேற ஒரு சோலியும் இல்லை. அந்தச் சிநேகிதியை ரெண்டு மூண்டு தரம் கண்டிருப்பன், அதுவும் வாசலோட. இதில உனக்கு ஒரு புத்தி சொல்லுறன், பிடிக்காட்டிலும் கேள். உன்ர மனிசி ஆரோட மனம்விட்டுச் சிரிச்சுக் கதைக்கிறா எண்டு அறிஞ்சு வை. சந்தேகப்பட்டு வேவு பாக்கச் சொல்லேல்லை. ஒருநாளைக்கு ஆருக்குப் போன் எடுத்துச் சொல்லவேணும் எண்டு உனக்குத் தெரிஞ்சிருக்கோணும்.

எனக்குத் தெரியேல்லை. கொம்மா போன உடன லண்டனுக்குச் சொன்னம், சுவிசுக்குச் சொன்னம், ரேடியோவில மரண அறிவித்தல் குடுத்தம். பஸ்சில போகக்கூடிய தூரத்தில இருந்த அந்த மனிசியை ஒருத்தரும் நினைக்கேல்லை. நீ கல்கரிக்குத் திரும்பின கிழமை, ஒரு புதன்கிழமை, கொம்மாவின்ர போன் அடிச்சுது. எடுத்தால், "பத்மா? பத்மா?" எண்டு கேக்குது. எனக்குத் தெரிஞ்சது ரெஸ்டோறண்ட் குசினியில பொறுக்கின பிரெஞ்சு. செத்துப்போட்டா எண்டதுக்குப் பிரெஞ்சில ஒரு சொல்லும் வாயில வரேல்லை. "பத்மா ஃபினி" எண்டன். சூப் முடிஞ்சால், இறைச்சி முடிஞ்சால் வெயிற்றர் பெடியளுக்குக் கத்திச் சொல்லுற சொல்லு அது. என்ர மனிசிக்கு நான் அந்தச் சொல்லைத்தான் சொன்னன். அந்தப் பக்கத்தில அவ ஒரு கத்துக் கத்தினா பார், ஐயோ, எங்கட செத்தவீட்டில ஒருத்தரும் அப்பிடிக் கத்தேல்லை. எங்கட ஆக்கள் கோட்டுப் போட்டுக்கொண்டு வந்து, வரிசையில நிண்டு, கையைத் தந்துபோட்டு, கார் நிப்பாட்டின இடத்தைப் பற்றிக் கதைச்சுக்கொண்டு போனவை. நானும் அழேல்லை, நீயும் அழேல்லை, ஆம்பிளையள் எண்டு விறைச்சுக்கொண்டு நிண்டம். அந்தப் போனில அந்தக் குரலைக் கேட்டுத்தான் பத்மா இனி வரமாட்டா எண்டு எனக்கு உறைச்சது.

அடுத்தநாளே சமீரா வந்தா. எங்கட வெளிப்படிக்கட்டு ஐஸ் பிடிச்சுக் கிடந்தது, அவவுக்கு முழங்கால் ஏலாது, கம்பியைப் பிடிச்சுப் பிடிச்சு ஏறி வந்தா. அடியில இருந்து முடிவரைக்கும் கறுப்பு உடுப்பு. கொம்மாவின்ர படத்துக்கு முன்னால நிலத்தில குந்தி இருந்து, கைப்பைக்குள்ள இருந்து ரெண்டு ரிக்கற்றை எடுத்தா. அந்தப் பாட்டுக்காரர் மொன்றியலுக்கு வாறார், கொம்மாவும் அவவும் இலையுதிர் காலத்திலயே சேர்ந்து வாங்கி வைச்சிருக்கினம். முந்தியும் ஒருக்கா அவர் வாறதாக இருந்து, விசா குடுக்காமல் நிண்டுபோனதாம். அண்டைக்கு ரெண்டு பேரும் மெசினில தலையை வைச்சு அழுதவையாம். இப்ப ஆள் நல்லாக் கிழண்டிப்போனார், இனி ஒருக்கா வரமாட்டார். இதெல்லாம் அவ பாதி பிரெஞ்சிலயும் பாதி கையாலயும் சொன்னது. ஒரு ரிக்கற்றைப் படத்துக்குக் கீழ வைச்சு, "இது பத்மா" எண்டா. மற்றதை மடிச்சுத் திரும்பப் பைக்குள்ள வைச்சா. தான் போகேல்லையாம். காதைத் தொட்டுக் காட்டித் தலையை ஆட்டினா. "நாற்பது நாள், மியூசிக் இல்லை." அவையின்ர ஊரில ஒருத்தர் செத்தால் நாற்பது நாள் பாட்டுக் கேக்கமாட்டினமாம். பாவம், இவவின்ர வீட்டிலயும் ஆரோ செத்துப்போச்சினம் எண்டு நினைச்சு, "ஆருக்கு?" எண்டு கேட்டன். அவ என்னை ஒரு மாதிரிப் பாத்துப்போட்டுப் படத்தைக் காட்டினா.

ராசா, எங்கட சொந்தக்காரர் அந்தியேட்டி எப்ப முடியும், கறிசோறு எப்ப தின்னலாம் எண்டு பாத்துக்கொண்டிருக்கினம். இந்த மனிசி, ஒருத்தரும் கேக்காமல், ஒருத்தருக்கும் சொல்லாமல், பத்மாவுக்குத் துடக்குக் காக்கிறா.

அந்த ரிக்கற் படத்துக்குக் கீழேயே கிடந்தது. வீட்டில ஒவ்வொருநாளும் ஆக்கள். வடைக்கு ஆரிட்டை ஓடர் குடுக்கிறது, சாப்பாட்டு மண்டபத்தில எத்தினை கதிரை, ஐயர் எத்தினை மணிக்கு வருவார், இதுதான் கதை. பத்மாவைப் பற்றி ஒருத்தரும் கதைக்கேல்லை. "நல்ல மனிசி" எண்டினம், அதுக்குப் பிறகு கதிரைக் கணக்கு. எனக்கு வீட்டில இருக்கேலாமல் வந்திட்டுது. அவ வாய்க்குள்ள பாடித் திரிஞ்சது என்ன பாட்டு எண்டு தெரியவேணும் போல கிடந்தது. இவ்வளவு வருசம் ஒரே பாயில படுத்த மனிசியின்ர வாயில இருந்ததை இவ்வளவு பிந்தியாவது கேட்டுவிடவேணும் எண்டு ஒரு அவா. நான்தான் சமீராவுக்குப் போன் எடுத்தனான். "நீங்கள் வந்தால் நான் வாறன். தனிய எனக்கு அங்க ஒண்டும் விளங்காது" எண்டன். அவ மாட்டன் எண்டு சொன்னா. உங்கட சமயம் என்ன சொல்லும், உங்கட தாடி என்ன, சொந்தக்காரர் என்ன சொல்லுவினம் எண்டு கேட்டா. "பத்மாவின்ர சீற்று வெறுமையாக் கிடந்தால் பத்மா பேசுவா. உங்களுக்கு அவவின்ர வாய் தெரியுந்தானே" எண்டன். அதுக்கு அந்த மனிசி அழுதுகொண்டு சிரிச்சா. ஆனபடியால், குற்றம் எண்டால் அது என்ர குற்றம். அவ என்னை மயக்கி இழுத்துக்கொண்டு போனவ எண்டு கதைக்கிறவை இந்த வரியை ரெண்டுதரம் வாசிக்கட்டும்.

ஞாயிறு பின்னேரம் கச்சேரி. பனி உருகித் தெருவெல்லாம் சேறு. தியேட்டருக்குள்ள போனால் எங்கட கோயில் திருவிழா தோத்துப்போகும். கைக்குழந்தையள், கிழவியள், சப்பாத்துக் கழட்டிப்போட்டுச் சீற்றில காலை மடக்கி இருக்கிற பெண்டுகள், அந்தத் தொங்கலில இருந்து இந்தத் தொங்கலுக்குக் கத்திச் சுகம் விசாரிக்கிற ஆம்பிளையள். என்ர தாடியைப் பாத்துப்போட்டு ரெண்டு பேர் எனக்கும் சலாம் சொல்லிச்சினம். அந்தப் பாட்டுக்காரரை ரெண்டு பேர் கையைப் பிடிச்சு மேடைக்குக் கொண்டந்து கதிரையில இருத்திச்சினம். எங்கட வித்துவான்மார் மாதிரிச் சரிகைச் சால்வையும் இல்லை, மோதிரமும் இல்லை. மண்ணிறக் கோட்டு, தலையில சிவப்புக் கட்டம் போட்ட துணி, ஒரு சின்னக் கிழவர். சனம் எழும்பி நிண்டு அழத் தொடங்கிட்டுது, அவர் இன்னும் ஒண்டும் பாடேல்லை. எனக்கு முன்னுக்கு இருந்த ஒரு தடிச்ச மனிசன், பார வண்டி ஓட்டுற ஆள் போல, சின்னப்பிள்ளை மாதிரி விம்மினான்.

பேந்து அவர் அந்த ஒத்தைத் தந்தியில வில்லை இழுத்து, "ஓஃப்..." எண்டு தொடங்கினார். சொல் இல்லை, அந்தச் சத்தம் மட்டும்தான். இழுத்து, இறக்கி, திரும்ப இழுத்து. கேட்ட உடன எனக்கு மயிர் கூச்செறிஞ்சுது, ஏனெண்டால் எனக்கு அது தெரியும். கொம்மா குனிஞ்சு எழும்பேக்க, பாரமான சட்டியை இறக்கேக்க, உனக்குக் காய்ச்சல் எண்டு முழிச்சிருந்த நாளில, அதே இழுவையை மெல்லமா இழுப்பா. அலுப்பில மூச்சு விடுறா எண்டு நினைச்சிருந்தன். இருந்து பாத்தால், அது அவ பாடினது. கிழவர் பாட்டுக்குள்ள போனார். சமீரா என்ர பக்கம் சரிஞ்சு சொல் சொல்லாச் சொல்லித் தந்தா. கிணத்தடிக்குப் போனவள் வரேல்லை, வாளி மட்டும் ஆரோ ஒருத்தரின்ர கையில வீட்டை வந்திட்டுது, வாளியைக் கண்ட நாய் வாலை ஆட்டுது, அதுக்கு நான் என்ன சொல்ல. இவ்வளவுதான் பாட்டு. பத்மா இந்தப் பாட்டை மீன் வெட்டிக்கொண்டு பாடியிருக்கிறா. அர்த்தம் தெரியாமலே பாடினவ. தெரிஞ்சிருந்தால் பாடியிருக்கமாட்டா, அவவுக்குத் துக்கப் பாட்டுப் பிடிக்காது.

பிறகு மேளம் அடிக்கத் தொடங்கிச்சுது, இரட்டைக் குழல் ஒண்டை ஒருத்தன் கன்னம் உப்ப ஊதினான். சனம் சீற்றை விட்டு இறங்கி, கையோட கை கோத்து, வரிசையாச் சுத்தி வரத் தொடங்கிட்டுது. அவையின்ர கூத்து அது, கலியாணத்திலயும் ஆடுவினம், கவலையிலயும் ஆடுவினம் எண்டு சமீரா சொன்னா. ஆனால் தான் எழும்பேல்லை. கையைக் கட்டிக்கொண்டு, வாயை இறுக்கிக்கொண்டு இருந்தா, நானும் இருந்தன். அப்ப என்ர கண் அவையின்ர காலில போச்சு. ரெண்டு அடி பக்கத்துக்கு வைச்சு, ஒரு கால் தூக்கி, நிலத்தில ஒரு குத்து. திரும்ப ரெண்டு அடி, திரும்பக் குத்து. கடவுளே, அந்தக் குத்து எனக்குத் தெரியும்! எங்கட குசினியில, ஒருத்தரும் பாக்கேல்லை எண்டு நினைச்சு, பிறிட்ஜ் கைபிடியை ஒரு கையால பிடிச்சுக்கொண்டு, சீலையை மற்றக் கையால தூக்கிக்கொண்டு, கொம்மா இதைத்தான் ஆடுறவ. நான் நடையில நிண்டு கனதரம் கண்டிருக்கிறன். "என்ன, கால்ல எறும்பு ஏறினதே?" எண்டு பகிடி பண்ணுவன். வெக்கத்தில அகப்பைக் காம்பால எனக்கு ஒண்டு போடுவா. பாவி மனிசி, பிடிக்க ஒரு கை இல்லாமல் பிறிட்ஜைப் பிடிச்சு ஆடியிருக்கிறா. நான் அங்கேயே ரெண்டு கையையும் வைச்சுக்கொண்டு சும்மா நிண்டிருக்கிறன்.

அதுக்குப் பிறகு எனக்கு இருக்கேலாமல் போச்சு. நான் எழும்பினன். நான்தான் சமீராவின்ர கையைப் பிடிச்சு எழுப்பினன். அவ, "நாற்பது" எண்டா. "எனக்கு முப்பத்தொண்டு" எண்டன். வரிசை எங்களுக்குக் கிட்ட வர, அதில ரெண்டு பேரும் கோத்துக்கொண்டம். எனக்குக் கூத்தும் தெரியாது, டான்சும் தெரியாது, உன்ர கலியாணத்தில எல்லாரும் இழுத்தும் மேசையைப் பிடிச்சுக்கொண்டு இருந்த ஆள். ஆனால் அந்த அடி பிழைக்கேல்லை. குத்தவேண்டிய இடத்தில என்ர கால் தன்பாட்டில குத்திச்சுது. கேக்கிறியே, சமீராவின்ர கை எப்பிடி இருந்தது எண்டு சொல்லட்டே? விரல் நுனியெல்லாம் தழும்பு. மெசின் ஊசி ஏறின விரல். பத்மாவின்ர விரலும் அப்பிடித்தான். இப்ப விளங்குதே நான் ஆரின்ர கையைப் பிடிச்சிருந்தனான் எண்டு.

வீடியோவில என்ர வாய் திறந்து கிடக்குது. பல்லெல்லாம் தெரியுது. கிழவனுக்கு என்ன சிரிப்பு எண்டு கீழ ஆரோ எழுதியிருந்தவை. அது சிரிப்பு இல்லை, ராசா. பாட்டை மாத்தினவன் சத்தத்தையும் எடுத்துப்போட்டான். சத்தம் இருந்திருந்தால் நீ கேட்டிருப்பாய், கொப்பர் நான் வாழ்க்கையில முதல்தரமா வாய்விட்டு அழுதது. அந்தச் சனத்துக்குள்ள ஒருத்தரும் என்னைத் திரும்பிப் பாக்கேல்லை, ஏனெண்டால் அங்க அரைவாசிப் பேர் அழுதுகொண்டுதான் ஆடினவை. எங்கட சனத்துக்குள்ள எனக்கு அழ இடம் கிடைக்கேல்லை, அங்க கிடைச்சுது.

அந்தியேட்டிக்கு நீ வந்தாய். என்ர முகத்தைப் பாக்காமலே கிரியை செய்தாய். நான் தந்த தர்ப்பையைக்கூட ஐயரின்ர கையால வாங்கினாய். எல்லாரும் பாத்துக்கொண்டு இருந்தவை. உன்ர கோவம் கொம்மாவுக்காக எண்டு எனக்குத் தெரியும், அதில எனக்கு உள்ளுக்குள்ள ஒரு பெருமைகூட இருந்தது, தாய்க்காகத் தகப்பனோட முறைக்கிற பிள்ளையைப் பெத்து வைச்சிருக்கிறா எண்டு. ஆனால் வீட்டு வாசல் பெல் அடிச்ச நேரம் நீ எழும்பிப் போனாய், கொஞ்சத்தில திரும்பி வந்தாய், ஆர் எண்டு நான் கேட்டதுக்கு "ஒருத்தரும் இல்லை" எண்டாய். எல்லாம் முடிஞ்சு நீ விமானத்துக்குப் போன பிறகு கதவைத் திறந்தால், படிக்கட்டு முகப்பின்ர மூலையில ஒரு சட்டி. அரிசியும் பருப்பும் அவிச்சு, மேல பொரிச்ச வெங்காயம். மச்ச மாமிசம் இல்லை, முட்டை இல்லை. துடக்கு வீட்டுக்கு என்ன கொண்டு போகலாம் எண்டு கொம்மாவிட்ட எப்பவோ கேட்டு அறிஞ்சு வைச்சிருக்கிறா. அந்த முழங்காலோட படியேறி வந்த மனிசியின்ர முகத்தில நீ கதவைச் சாத்தினாய். மாமி அந்தச் சட்டியைத் தூக்கிக் குப்பையில கொட்டப் போனா. நான் பறிச்சு வாங்கி, குசினியில நிண்டபடி, ஐஸ் மாதிரிக் குளிர்ந்து கிடந்த சோத்தை அவ பாக்கப் பாக்கத் தின்னனான். அண்டையில இருந்து மாமியும் என்னோட கதைக்கிறேல்லை, அது எனக்குக் கொஞ்சம் நிம்மதிதான்.

இப்ப வருசம் ஒண்டு முடிஞ்சு ஆட்டைத் திவசம் வருகுது. நீ கல்கரிக் கோயிலில தனிய செய்யப் போறாய் எண்டு ஆள் விட்டுச் சொல்லியிருக்கிறாய். நான் அவளை விட்டால்தான் மொன்றியலுக்கு வருவியாம். விடுறதுக்கு என்ன கிடக்கு? பிடிச்சிருந்தால்தானே விட. எல்லாரும் அறியட்டும், ஓம், புதன்கிழமையில நான் சமீரா வீட்டை போறனான். மகளும் பேரப்பிள்ளையளும் ஓடித் திரியிற வீடு. கோப்பி ஊத்தித் தருவா. பக்ரறியில பத்மா என்ன சொன்னவ, ஆருக்கு என்ன பேசினவ, நீ பிறக்க முந்தி ஒரு பிள்ளை கலைஞ்சது எண்டு ஆருக்குச் சொல்லி அழுதவ எண்டு ஒவ்வொண்டாச் சொல்லுவா. என்ர மனிசியைப் பற்றி எனக்குத் தெரியாததை நான் அங்க போய்த்தான் அறியிறன். இதுக்குப் பேர் என்ன எண்டு ஊர் வைச்சுக்கொள்ளட்டும். திவசத்தண்டு சமீராவை வீட்டை வரச் சொல்லியிருக்கிறன். முதல் ஆளாப் படத்துக்கு முன்னால அவவை இருத்துவன். இதில எனக்கு மாற்றமில்லை. நீ வந்தாலும் அப்பிடித்தான், வராட்டிலும் அப்பிடித்தான்.

வீராப்பா எழுதிப்போட்டன். நீ வராட்டில் புருசன் நானே செய்யலாம் எண்டு ஐயர் சொல்லிப்போட்டார், எள்ளும் தண்ணியும் இறைக்கிறதுக்கு ஒரு கை வேணும், அவ்வளவுதான் எண்டு. ஆனால் அவ பெத்த கை அது இல்லை. நீ என்னை மன்னிக்கவேண்டாம், நம்பக்கூட வேண்டாம். சமீராவோட கதைக்கவும் வேண்டாம், அவ வரேக்க கதவை மட்டும் திறந்து விடு. வந்து, உன்ர கோவத்தைப் போனில வைச்சுப் பூட்டாமல், முகத்துக்கு நேரா நிண்டு என்னைப் பேசு. நானும் விடமாட்டன், திருப்பிப் பேசுவன். கொம்மா போன பிறகு இந்த வீட்டில என்னோட சண்டை பிடிக்க ஒருத்தரும் இல்லை, ராசா.

அப்பா